ஐம்பத்து நான்கு வருடம் காத்திருந்த ஒரு பக்கம்

மேக் கணினி கையில் இருப்பவர்கள் ஒரு காரியம் செய்து பாருங்கள். அதனோடு வரும் எழுதுமென்பொருளான டெக்ஸ்ட்எடிட்டைத் திறந்து, எழுத்துருப் பட்டியலில் ஸாப்ஃபினோவைத் தேர்ந்தெடுத்து, அளவை நாற்பது புள்ளிக்கு மேல் ஏற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த எழுத்துருவின் பெயரையே ஆங்கிலத்தில், முதல் எழுத்து மட்டும் பெரிதாக, ஒவ்வொன்றாக நிதானமாகத் தட்டுங்கள். இசட், ஏ, பி, எஃப், ஐ, என். அடுத்த எழுத்து வந்து சேரச் சேர, முன்னால் தட்டியது லேசாக உருமாறுவதைப் பார்க்கலாம். கடைசி ஓ விழுந்ததும் ஏழு எழுத்தும் சேர்ந்து, ஒருவர் ஒரே மூச்சில் எழுதி முடித்த முத்திரைபோல ஒற்றை வடிவமாகிவிடும். அந்த ஓவை அழித்தால் பழையபடி பிரிந்துகொள்ளும்.

கல்யாணப் பத்திரிகை, கடைப்பெயர், சான்றிதழ் என்று அலங்கார எழுத்தோடு புழங்குவது என் தொழில். முதல் தடவை இதைப் பார்த்தபோது ஒரு வேடிக்கை என்றுதான் நினைத்தேன். பிறகு இதன் பின்னால் இருக்கும் கதையைத் தேடிப் படித்ததும், அலங்கார எழுத்துருவை நான் பார்க்கும் விதமே மாறிப்போனது. அதுவரை வளைவு அழகாக இருந்தால் எழுத்துரு அழகு என்று நம்பியிருந்தேன். கையெழுத்தின் அழகு வளைவில் பாதிதான். ஒரே எழுத்தை இரண்டாம் முறை எழுதும்போது கை அதை அப்படியே திரும்ப எழுதுவதில்லையே, அதில்தான் மீதி இருக்கிறது. ஸாப்ஃபினோவின் கதை முழுக்க அந்த மீதிப் பாதியை அச்சுக்குள் கொண்டுவர நடந்த முயற்சி. 1944-ல் வரைந்த ஒரு பக்கம் 1998-ல் எழுத்துருவாக வெளிவந்தது. நடுவில் போன வருடங்களில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போர்க்காலத்துப் பக்கம்

ஹெர்மான் ஸாப்ஃப் 1918 நவம்பர் 8-ஆம் தேதி ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் பிறந்தவர். மின்பொறியாளர் ஆக வேண்டும் என்பது ஆசை. 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் தொழிற்சங்கத்தில் ஈடுபட்டிருந்த அப்பாவுக்குச் சிக்கல் வந்தது, பையனின் மேல்படிப்பும் அடைபட்டது. 1934-ல் ஓர் அச்சகத்தில் படங்களைத் திருத்தும் ரீடச் வேலைக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அடுத்த வருடம் நியூரம்பெர்க்கில் ருடால்ஃப் கோக் என்ற பெரும் எழுத்துக் கலைஞரின் நினைவுக் கண்காட்சி நடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தவர், கோக் எழுதிய புத்தகம் ஒன்றையும் இங்கிலாந்தின் எட்வர்ட் ஜான்ஸ்டன் எழுதிய புத்தகம் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே எழுதிப் பழகினார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆசிரியர் யாரும் இல்லை. 1938-ல் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போய் ருடால்ஃப் கோக்கின் மகன் பால் கோக்கின் பட்டறையில் சேர்ந்தார்.

போர் வந்தது. பீரங்கிப் படைக்கு அவர் சரிப்பட்டு வரவில்லை, வரைபடம் வரையும் பிரிவுக்கு மாற்றினார்கள். பிரான்சின் போர்தோ நகரில் உட்கார்ந்து ஸ்பெயின் நாட்டு வரைபடங்களை, முக்கியமாக அதன் ரயில் பாதைகளை, வரைந்துகொண்டிருந்தார். பூதக்கண்ணாடி இல்லாமல் ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் எழுத்துப் போடும் கண்ணும் கையும் அவருக்கு இருந்தன. அந்தத் திறமைதான் அவரைத் திரும்பப் போர்முனைக்கு அனுப்பாமல் காப்பாற்றியிருக்கக்கூடும்.

அப்படிப்பட்ட ஒருவர், நாளெல்லாம் மில்லிமீட்டர் எழுத்து போட்டுவிட்டு, 1944-ல் தன் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் தனக்காக எழுதிப் பார்க்கிறார். ஆர்டரும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. அந்தப் பக்கம்தான் ஸாப்ஃபினோவின் விதை. எழுத்துருவாக வந்த வடிவத்தைப் பார்த்தாலே அதன் குணம் தெரியும். எழுத்தின் உடல் மிகச் சிறியது. ஆனால் மேலே போகும் கம்பும் கீழே இறங்கும் வாலும் உடலைப்போலப் பல மடங்கு நீளம். எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, நுனியில் மெலிந்து, காற்றில் கரைவதுபோல் முடியும். வரைபடத்தில் இம்மிகூட நகரக் கூடாது என்று அடங்கிக் கிடந்த கை, இந்த இடத்தில் தன் இஷ்டத்துக்கு வீசிப் போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம்தான், ஆனால் பார்க்கும்போதெல்லாம் அப்படித்தான் படுகிறது.

ஈயம் ஒத்துக்கொள்ளவில்லை

போர் முடிந்தபின் 1947-ல் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஸ்டெம்பெல் எழுத்து வார்ப்பு நிறுவனத்தில் கலைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். உலகம் இன்றும் பயன்படுத்துகிற பலட்டினோ அங்கேதான் பிறந்தது, பின்னால் ஆப்டிமாவும். இந்தச் சமயத்தில், 1948-ல், தன் கையெழுத்து வீச்சை அச்செழுத்தாக்கிப் பார்க்க முயன்றார். ஈயம் இடம் கொடுக்கவில்லை.

ஏன் என்று புரிய, ஈய எழுத்துகளைக் கோர்த்து அச்சடிக்கும் லெட்டர் பிரஸ்ஸில் நின்று பார்த்திருக்க வேண்டும், அல்லது பார்த்த ஒருவரிடம் கேட்டிருக்க வேண்டும். ஈய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சின்னச் செவ்வகக் கட்டையின் தலையில் இருக்கும். கட்டையோடு கட்டை ஒட்டி நிற்கும். அதைத் தாண்டி ஓர் எழுத்து அடுத்த எழுத்தின் இடத்துக்குள் போக முடியாது. கொஞ்சம் போகத்தான் வேண்டும் என்றால், எழுத்தின் நுனியைக் கட்டைக்கு வெளியே ஆதாரமில்லாமல் நீட்டி வார்ப்பார்கள். ஆங்கிலச் சாய்வெழுத்தில் எஃப்பின் தலையும் வாலும் அப்படி நீட்டிக்கொண்டிருக்கும். அழுத்தம் பட்டால் முதலில் ஒடிவது அதுதான். ஒரு எஃப்புக்கே இந்தப் பாடு என்றால், எழுத்துக்கு எழுத்து இரண்டு பக்கமும் கம்பையும் வாலையும் வீசுகிற ஸாப்ஃபின் பக்கத்தை ஈயத்தில் வார்ப்பது எப்படி?

அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது கேஸில், அதாவது ஈய எழுத்துகளைப் பிரித்து வைக்கும் தட்டில், இருக்கும் அறைகளின் எண்ணிக்கை. எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர் முன்னால் இருக்கும் கேஸில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறை. ஆங்கில ஈ (e) என்ற எழுத்துக்கு ஐந்து வடிவம் வேண்டும் என்றால் ஐந்து அறை வேண்டும். ஒவ்வொரு வடிவத்துக்கும், ஒவ்வொரு புள்ளி அளவுக்கும் தனித்தனி அச்சுவார்ப்பு செய்ய வேண்டும். அத்தனையும் செய்து வைத்தாலும் எந்த இடத்தில் எந்த ஈ என்று ஒவ்வொரு முறையும் கம்பாசிட்டர் நின்று யோசிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்று கோர்க்கிறவருக்கு அது நடக்கிற காரியமா? ஸாப்ஃப் 1950-களின் தொடக்கத்தில் விர்ச்சுவோசா என்ற எழுத்துருவைக் கொண்டுவந்தார். நல்ல எழுத்துரு. ஆனால் சட்டைக்குள் கையை மடக்கி வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டம் மாதிரி இருக்கும். பெரிய எழுத்துகளில் மட்டும் கொஞ்சம் வீச்சு, மீதி எல்லாம் கட்டைக்குள்.

கை எழுதியதை அச்சு தன் வசதிக்கு வெட்டுவது நமக்கும் பழக்கமான கதைதான். தும்பிக்கைபோலக் கொக்கி போட்ட பழைய 'லை', 'னை', கீழே சுழித்த பழைய 'றா', 'னா' எல்லாம் எழுதும் கையிலிருந்து வந்த வடிவங்கள். 1978-ல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் அவை அச்சிலிருந்து விலகின. அது சரியா தவறா என்பது வேறு விவாதம். அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிதாக வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

அந்த ஐம்பது வருடமும் ஸாப்ஃபின் கை சும்மா இருக்கவில்லை. 1960-ல் நியூயார்க்கின் பியர்பான்ட் மார்கன் நூலகத்துக்காக ஐக்கிய நாடுகள் சாசனத்தின் முகவுரையை நான்கு மொழிகளில் தன் பேனாவால் எழுதிக் கொடுத்தார். தாளில் அந்தக் கைக்கு எந்தத் தடையும் கிடையாது. அச்சுக்கு வந்தால்தான் கட்டை குறுக்கே நிற்கும்.

நடுவில் வந்த சான்சரி

1979-ல் ஐ.டி.சி. என்ற எழுத்துரு நிறுவனம், ஸாப்ஃப் வரைந்த ஸாப்ஃப் சான்சரி என்ற சாய்வான எழுத்துருவை வெளியிட்டது. அப்போது ஈயம் போய், எழுத்தை ஒளிப்படமாகக் கோர்க்கும் ஒளி அச்சு வந்துவிட்டது. கட்டைக்குள் அடைபட வேண்டிய அவசியம் இல்லை. அதன் முழுத் தொகுப்பில் பல தடிப்புகளும், வீச்சுள்ள மாற்று வடிவங்களும் இருந்தன. ஆனால் உலகம் அந்த முழுத் தொகுப்பைப் பார்க்கவில்லை. ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிளஸ் அச்சுப்பொறி 1986-ல் வந்தபோது அதற்குள் ஏற்றப்பட்டிருந்த எழுத்துருக்களில் சான்சரியும் ஒன்று, அதுவும் ஒரே ஒரு தடிப்பில், எழுத்துக்கு ஒரே ஒரு வடிவமாக. அப்புறம் கேட்க வேண்டுமா? சான்றிதழ், உணவக மெனு, அலுவலகச் சுற்றறிக்கை எல்லாவற்றிலும் அதுதான்.

என் அபிப்பிராயத்தில் இந்த ஆய்வின் முக்கியமான ஒப்பீடு இதுதான். வரைந்தது அதே மனிதர், சாய்வும் அதே மரபு. சான்சரியில் 'காபி' என்பதன் ஆங்கிலச் சொல்லை அடித்துப் பாருங்கள். இரண்டு எஃப், இரண்டு ஈ. முதல் எஃப்பும் இரண்டாம் எஃப்பும் நகல். ஈயும் அப்படியே. கையால் எழுதிய எழுத்து என்று கண் ஒரு நொடி ஏமாறும், இரட்டை எழுத்து வந்ததும் விழித்துக்கொள்ளும். ரப்பர் ஸ்டாம்பை இரண்டு முறை குத்தியது போல இருக்கும். சான்சரியைப் பார்த்துச் சலித்தவர்கள் அது மலிவாகிவிட்டது என்பார்கள். எங்கும் இருந்ததால் வந்த சலிப்பு பாதி. கையெழுத்தின் உடையைப் போட்டுக்கொண்டு, அதன் நடை இல்லாமல் வந்ததால் ஏற்பட்ட சலிப்பு மீதி.

1993-ல் வந்த கடிதம்

ஸாப்ஃபுக்கும் கணினிக்கும் ஏற்கெனவே உறவு உண்டு. ராசெஸ்டர் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் 1977 முதல் பத்து வருடம் கணினி வழி அச்சுக்கலை கற்பித்தவர். ஸ்டான்ஃபோர்டின் கணினி அறிஞர் டொனால்ட் நூத்தோடு சேர்ந்து 1980-களின் தொடக்கத்தில் ஆய்லர் என்ற கணித எழுத்துருவை உருவாக்கியவர். அந்த ஆய்லர் திட்டத்தில் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டே வேலை செய்தவர் டேவிட் சீகல்.

1993-ல் சீகல் ஸாப்ஃபுக்கு எழுதினார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஏராளமான மாற்று வடிவங்களை வைத்து, எதை எங்கே போடுவது என்பதைக் கணினியே தீர்மானிக்கும் எழுத்துரு ஒன்றைச் செய்யலாம், தொடக்கமாக உங்கள் கையெழுத்துப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. சிகாகோவின் அச்சுக்கலைச் சங்கம் ஒன்றின் வெளியீட்டில் ஸாப்ஃபின் எழுத்தணி அச்சாகியிருந்ததை அவர் பார்த்திருந்தார். ஸாப்ஃபுக்கு உடனே அந்த 1944 பக்கம் நினைவுக்கு வந்தது. ஈயம் மறுத்ததை இப்போது செய்யலாம் என்று ஒப்புக்கொண்டார். பாஸ்டனைச் சேர்ந்த ஜீனோ லீ என்ற நிரலாளரும் சேர்ந்தார்.

எழுத்து ஒவ்வொரு முறையும் மாற வேண்டும் என்ற எண்ணம் அப்போது புதிதல்ல. 1990-ல் நெதர்லாந்தின் யுஸ்ட் வான் ரோஸ்ஸும், எரிக் வான் பிளோக்லாண்டும் பெயோவுல்ஃப் என்ற எழுத்துருவை வெளியிட்டிருந்தார்கள். அச்சுப்பொறி ஒவ்வொரு முறையும் எழுத்தின் ஓரங்களைக் குத்துமதிப்பாகக் கலைத்துப் போடும். எந்த இரண்டு எழுத்தும் ஒன்றாக இராது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் கையெழுத்து மாறுவது குத்துமதிப்பால் அல்ல. பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்து மாறுகிறது. மேல்வரியிலிருந்து ஒரு வால் தொங்கினால் கீழே எழுதுகிறவர் கம்பைக் குட்டையாக வைப்பார். சொல் முடிகிற இடம் காலியாக இருந்தால் கடைசி எழுத்தை நீட்டி விடுவார். கை ஒவ்வோர் இடத்திலும் ஒரு முடிவு எடுக்கிறது. அந்த முடிவைத்தான் எழுத்துருவுக்குள் வைக்க வேண்டும்.

வேலை முடியும் தறுவாயில் சீகல் சொந்தக் காரணங்களால் விலகிக்கொண்டார். பின்னால் இணையதள வடிவமைப்பில் பெயர் பெற்றார். திட்டம் கிடப்பில் போனது. ஸாப்ஃப் சில காலம் தயங்கிவிட்டு, வரைந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு லைனோடைப் என்ற எழுத்துரு நிறுவனத்திடம் போனார். அவர்கள் ஏற்றுக்கொண்டு திட்டத்தை மறுபடி ஒழுங்குபடுத்தினார்கள். 1998-ல் ஸாப்ஃபினோ வெளிவந்தது. அந்த நவம்பரில் ஸாப்ஃபுக்கு எண்பது வயது. பக்கத்தை எழுதியபோது இருபத்தாறைத் தொட்டும் தொடாத வயது.

ஆனால் அந்த முதல் பதிப்பு சீகல் கனவு கண்டதுபோல் தானாக முடிவெடுக்கவில்லை. அப்போதைய எழுத்துருக் கோப்பில் 256 இடங்கள்தான். அதற்குள் எல்லா வடிவமும் அடங்காது. அதனால் ஒன்று முதல் நான்கு வரை எண் போட்ட நான்கு எழுத்துருக்களாகப் பிரித்து, சில எழுத்துகள் ஒட்டி ஒரே வடிவமாகும் கூட்டெழுத்துக்கு ஒன்று, அலங்காரச் சுழிப்புகளுக்கு ஒன்று என்று தனியே கொடுத்தார்கள். பயன்படுத்துகிறவர்தான் எழுத்தெழுத்தாகத் தேர்ந்தெடுத்து, இந்த டிக்கு மூன்றாம் எழுத்துரு, அந்த ஜிக்கு நான்காம் எழுத்துரு என்று மாற்ற வேண்டும். கம்பாசிட்டருக்குக் கொடுக்க முடியாத வேலையை டி.டி.பி. ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது. நேரம் இருந்தவர்கள் செய்தார்கள், மற்றவர்கள் முதலாம் எழுத்துருவை மட்டும் வைத்து ஓட்டினார்கள்.

அக்கம்பக்கம் பார்க்கும் எழுத்து

தீர்வு வேறு பக்கத்திலிருந்து வந்தது. மைக்ரோசாஃப்டும் அடோபியும் 1996-ல் அறிவித்த ஓப்பன்டைப் என்ற எழுத்துரு முறையில் ஓர் எழுத்துருக் கோப்புக்குள் 65,000-க்கும் மேற்பட்ட வடிவங்களை வைக்கலாம். கூடவே விதிகளையும் வைக்கலாம்: இந்த எழுத்துக்கு அடுத்து அந்த எழுத்து வந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு இந்தக் கூட்டு வடிவத்தைப் போடு, முன்னால் நீண்ட வால் இருந்தால் பின்னால் குட்டை வடிவத்தைப் போடு என்று. ஆப்பிள் அதற்கு முன்பே 1990-களின் நடுவில் குவிக்டிரா ஜி.எக்ஸ். என்ற பெயரில் இதே எண்ணத்தைக் கொண்டுவந்திருந்தது. கிரிஸ் ஹோம்ஸ் வரைந்த ஆப்பிள் சான்சரி அந்த முறையில் சூழலுக்கேற்ப மாறும் வீச்செழுத்து. ஜி.எக்ஸ். பரவவில்லை என்றாலும் அதன் எழுத்துமாற்று முறை புதுப் பெயரில் மேக் ஓ.எஸ். எக்ஸுக்குள் தொடர்ந்தது, ஸாப்ஃபினோ அதில் ஏறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்களோடு, தானாகத் தேர்ந்தெடுக்கும் விதிகளோடு, வாங்கும் கணினியிலேயே வந்தது.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று தமிழ் வாசகருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாம் தினமும் அதில்தான் எழுதுகிறோம். க-வும் உகரக் குறியும் தனித்தனி எண்களாகத்தான் கணினிக்குள் போகின்றன. திரையில் 'கு' என்று ஒரே வடிவம் வருகிறது. க, புள்ளி, ஷ என்று மூன்று போனால் 'க்ஷ' வருகிறது. எழுத்துரு அக்கம்பக்கம் பார்த்து வடிவத்தை மாற்றிப் போடுகிறது. அதே மேக்கில் இருக்கும் தமிழ் எழுத்துருவான, முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதிக்குள்ளும் இப்படி விதிகள் ஓடுகின்றன. நமக்கு இந்த விதி இல்லாவிட்டால் எழுத்தே தப்பாகிவிடும். ஆங்கிலத்துக்கு அது இல்லாவிட்டாலும் ஓடும், அழகு மட்டும்தான் போகும். ஸாப்ஃப் அந்த அழகையும் எழுத்தின் பகுதியாகவே நினைத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அந்த இடத்தில்தான்.

2003-ல் லைனோடைப் ஸாப்ஃபினோ எக்ஸ்ட்ராவை வெளியிட்டது. ஜப்பானியரான அகிரா கோபயாஷி 2001-ல் அங்கே எழுத்துரு இயக்குநராகச் சேர்ந்திருந்தார். அவரும் ஸாப்ஃபும் சேர்ந்து ஓப்பன்டைப் முறையில் இதைச் செய்தார்கள். புதிய வடிவங்கள், புதிய கூட்டெழுத்துகள், சின்ன எழுத்தின் உயரத்தில் வரைந்த பெரிய எழுத்துகள் (ஸ்மால் கேப்ஸ்) சேர்ந்தன. ஃபோர்ட்டே என்று கொஞ்சம் தடித்த வகையும் வந்தது. சாதாரண ஸாப்ஃபினோவின் மெல்லிய கோடு, கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக அச்சடித்தால் மை பரவி மறைந்துவிடும், அந்த மாதிரி இடத்துக்கு ஃபோர்ட்டே கைகொடுக்கும். பின்னாளில் நடீன் ஷாஹீன் இதற்கு இணையாக அரபு எழுத்துரு ஒன்றைச் செய்தார். ஸாப்ஃப் 2015 ஜூன் 4-ஆம் தேதி டார்ம்ஸ்டாட் நகரில் தன் தொண்ணூற்றாறாம் வயதில் காலமானார்.

எங்கள் மேசையில்

இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை நாங்கள் மேசையில் எப்படிக் கெடுக்கிறோம் என்பதையும் எழுதினால்தான் இந்த ஆய்வு முழுமையாகும்.

முதல் கேடு, முழுப்பெயரையும் பெரிய எழுத்தில் அடிப்பது. வீச்சுள்ள எழுத்துருவில் பெரிய எழுத்து என்பது சொல்லின் தொடக்கத்தில் தனியாக நின்று கையை விரிக்க வரைந்தது. ஒன்பது பேரை வரிசையாக நிறுத்தி எல்லோரும் கையை விரித்தால் எப்படி இருக்கும்? மீனாட்சி என்று ஒரு பெயரை ஆங்கிலத்தில் அப்படி அடித்துப் பாருங்கள், முள்வேலி மாதிரி இருக்கும், யாராலும் வாசிக்க முடியாது. இருந்தும் "எங்க அண்ணன் பத்திரிகையில எல்லாம் பெரிய எழுத்து சார், அதே மாதிரி வேணும்" என்று கேட்டு வருவார்கள். நான் இரண்டையும் அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். வாயால் விளக்குவதைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

இரண்டாவது, எழுத்துகளுக்கு இடையில் இடைவெளி கூட்டுவது. பெயர் சின்னதாக இருக்கிறது, அட்டையை நிரப்ப வேண்டும் என்று எழுத்தை விலக்குவார்கள். விலக்கிய உடன் கூட்டெழுத்துகளுக்கு அர்த்தம் போய்விடும். இணைய உலாவிகளில் எழுத்திடைவெளியை மாற்றினாலே கூட்டெழுத்துகளை நிறுத்திவிடுவார்கள், அது தரவிதியிலேயே சொல்லப்பட்டது. அட்டை நிரம்பவில்லை என்றால் அளவைக் கூட்ட வேண்டும், அல்லது காலி இடத்தைக் காலியாகவே விட வேண்டும். ஸாப்ஃபினோவுக்குக் காலி இடம் சாப்பாடு மாதிரி. மேலேயும் கீழேயும் அதிகமாகவே விட வேண்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் வால் கீழ்வரியின் கம்பில் சிக்கும். சில மென்பொருள்களில் கம்பின் நுனியே வெட்டுப்பட்டுவிடும். திரையில் சரியாகத் தெரிந்து பி.டி.எஃப்பில் நுனி அறுந்து வந்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடல் சிறியது என்று முன்னால் சொன்னேன். அதனால் பன்னிரண்டு புள்ளியில் ஒரு பத்தியை இதில் போட்டால் வாசிக்கிறவர் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும், வரிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஒரு பெயர், ஒரு தலைப்பு, அதிகபட்சம் ஒரு வரி. விழா நேரமும் மண்டப விலாசமும் சாதாரண எழுத்துருவில் இருக்கட்டும்.

மூன்றாவது விஷயத்தில் நானே அடிபட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு மணமக்கள் பெயரை மேக்கின் சாதாரண எழுதுமென்பொருளில் போட்டு, வாடிக்கையாளருக்குக் காட்டி, ஒப்புதல் வாங்கிவிட்டேன். அப்புறம் அதே பெயரைப் பக்கவடிவமைப்பு மென்பொருளில் அடித்து, கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினேன். எழுத்துருவின் பெயர் ஒன்று, எழுத்தும் ஒன்று, அதனால் சரிபார்க்கவில்லை. அச்சாகி வந்த மாதிரியில் பெயர் மொட்டையாக இருந்தது. மணப்பெண் பெயரில் இரட்டை ஈ. இரண்டும் நகல் எடுத்ததுபோல ஒரே மாதிரி. கடைசி எழுத்தின் நீட்டலும் இல்லை. காரணம் எளிதுதான்: என் மேக்கில் இருந்த ஸாப்ஃபினோவின் விதிகள் ஆப்பிளின் முறையில் எழுதப்பட்டவை. அந்த வடிவமைப்பு மென்பொருள் ஓப்பன்டைப் விதிகளை மட்டும்தான் படிக்கும். கோப்புக்குள் எல்லா வடிவமும் இருந்தும் எதை எடுப்பது என்று சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.

பெண்ணின் அப்பா அந்த மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏதோ மாறியிருக்கு தம்பி, என்னன்னு சொல்லத் தெரியல" என்றார். எழுத்துருவைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர். பெயர் அதே பெயர், எழுத்தும் அதே எழுத்து. இருந்தும் அவர் கண்ணுக்குத் தட்டியது. சான்சரியைப் பற்றி மேலே எழுதியதை நான் முழுதாக நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அன்று இரவு உட்கார்ந்து பெயரைக் கையாலேயே தேர்ந்தெடுத்துக் கட்டினேன். வடிவங்களின் பட்டியலைத் திறந்து, முதல் ஈக்கு அடக்கமான ஒன்று, இரண்டாவதற்குக் குறுக்குக்கோடு சற்று வெளியே நீளும் ஒன்று. கேயின் கம்பும் எச்சின் கம்பும் ஒரே பெயருக்குள் வருவதால் ஒன்றை உயரமாகவும் ஒன்றைக் குட்டையாகவும் வைத்தேன், இல்லாவிட்டால் இரண்டும் வேலிக்கால் மாதிரி நிற்கும். கடைசி ஐக்கு வலப்பக்கம் நீளும் வடிவம். பிறகு எல்லாவற்றையும் கோட்டு வடிவமாக மாற்றி, எந்தக் கணினியில் திறந்தாலும் மாறாதபடி பூட்டி அனுப்பினேன். ஒன்பது எழுத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. 1998-ல் முதல் பதிப்பை வாங்கியவர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் இதைத்தான் செய்திருக்கிறார்கள்.

அந்தப் பத்திரிகை ஒன்றை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் யாராவது எதற்கு இந்த எழுத்துருவுக்கு இவ்வளவு நேரம் என்று கேட்டால், தப்பாக வந்த மாதிரியையும் சரியாக வந்ததையும் சேர்த்து எடுத்து வைப்பேன்.